நாய் குறுக்கே வரவில்லை

கண்ணாடியின் மூக்குத் தாங்கியில் போடும் திருகு கடுகைவிடச் சிறியது. கீழே விழுந்தால் கண்ணால் தேடிப் பயனில்லை, காந்தத்தைத் தரையில் தடவித்தான் எடுக்க வேண்டும். அன்றைக்குக் காலை பத்தரை மணி இருக்கும். அப்படி ஒரு திருகு என் விரலிலிருந்து நழுவி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெண், கண்ணாடி இல்லாததால் என்னைப் பார்க்காமல் என் குரல் வந்த திசையைப் பார்த்து, "போனா போகுது அக்கா, வேற ஒண்ணு போட்டுடுங்க" என்றாள். அந்த அளவில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நான் மேசைமேல் குப்புறச் சாய்ந்து, கையை அந்தப் பக்கம் விட்டு, சுவரோரமாகக் காந்தத்தை இழுத்தேன். அப்போதுதான் மேசை விளிம்புக்கும் என் மார்புக்கும் நடுவே ஏதோ உறுத்தியது.

வேலைக் கோட்டின் மேல்பையில் குட்டித் திருப்புளியைப் போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதுதான் குத்துகிறது என்று நினைத்தேன். நிமிர்ந்து பையைத் தடவினேன். பை காலி. திருப்புளி மேசைமேல், என் கண் முன்னால் கிடந்தது. கோட்டுக்கு மேலாகவே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன். இடது மார்பில், மேல்பக்கமாக, நடு எலும்பை ஒட்டி, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. கல் மாதிரி. தள்ளினால் நகரவில்லை. காந்தத்தின் நுனியில் திருகு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை எடுத்துப் பொருத்தி, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பெண்ணின் முகத்தில் மாட்டிவிட்டு, "இப்ப படிங்க" என்று எழுத்து அட்டையைக் காட்டினேன். அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அந்த வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வேலை, கைக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கும்போது அந்த இடத்தில் தோல் லேசாகக் குழிந்தது, உள்ளேயிருந்து யாரோ நூல் போட்டு இழுத்த மாதிரி. கையை இறக்கினால் குழி இல்லை. நாலைந்து முறை தூக்கி இறக்கிப் பார்த்தேன். வெளியே என் வீட்டுக்காரர் தொலைக்காட்சிச் செய்திக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. எனக்கு ஐம்பத்தொன்று, அவருக்கு ஐம்பத்தாறு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவருக்குப் பெயர் ஒன்று இருக்கிறது என்பதே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, எல்லாருக்கும் அவர் வேன் மாமாதான். பிள்ளைகளைப் பெற்றவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை தெரிந்ததைச் சனிக்கிழமைதான் அவரிடம் சொன்னேன். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்க சோப்பு நுரை.

"என்னங்க, ஒரு நிமிஷம்."

"சோப்பு காஞ்சிடும். சொல்லு, காதுல விழுது."

"மார்ல ஒரு கட்டி இருக்கு."

குழாயை மூடினார். பிறகு திறந்தார். பிறகு மறுபடி மூடினார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார், பக்கத்தைப் பொறுத்து ஏதோ செய்துவிட முடியும் என்பதுபோல. சொன்னேன். "எத்தன நாளா?" என்றார். அதையும் சொன்னேன். "இன்னிக்கு சனிக்கிழமை" என்றார். வேனை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை மத்தியானம் எந்த மருத்துவரைப் பார்க்கப் போகிறோம் என்று நான் கேட்டபிறகுதான் உட்கார்ந்தார். நுரை வெயிலில் காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் போட்டிருந்தது. அந்த வாரம் முழுக்க பிள்ளைகள் அதில் விரலால் பூனையும் பூவும் வரைந்துகொண்டே வந்தார்களாம்.

அடுத்த சனிக்கிழமைதான் போக முடிந்தது. மருத்துவமனையில் படம் எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயது. அவள் போட்டிருந்த கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. "காதுக்குப் பின்னால இருக்கற வளைவ கொஞ்சம் இறக்கணும்மா, ரெண்டு நிமிஷ வேலை. கடைக்கு வா, நான் பண்ணித் தரேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டு எந்தக் கடை, எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்றெல்லாம் கேட்டாள். பேசிக்கொண்டே மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து இறுக்கினாள். மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். முதல் படம் திரையில் வந்தது. அதற்குப் பிறகு அவள் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை. "கொஞ்சம் திரும்புங்கம்மா", "கையை இங்க வைங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். எல்லாவற்றையும் முன்பைவிட மென்மையாகச் செய்தாள். எனக்கு அந்த மென்மை பிடிக்கவில்லை.

மருத்துவர் முடியை ஒட்ட வெட்டிய, சுற்றி வளைக்காமல் பேசுகிற பெண். படத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றி முள் முள்ளாகக் கோடுகள்.

"எனக்கு இது பாக்க நல்லா இல்ல" என்றார். "கையில தொட்டுப் பாத்தாலும் நல்லா இல்ல. ஆனா பாக்கறத வச்சு முடிவு சொல்ல மாட்டேன். ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து சோதனைக்கு அனுப்பணும். வர்ற வியாழக்கிழமை பண்ணிடலாம்." கோப்பில் எதையோ குறித்தபடியே, "இந்த இடத்துல எப்பவாவது அடி பட்டுச்சா? கீழ விழுந்தீங்களா, எதுலயாவது இடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"இல்ல டாக்டர், அப்படி எதுவும் இல்ல" என்று அவரும் பக்கத்திலிருந்து சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்குத் தெரியாது.

நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருடைய அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எங்கள் பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில், காலியான சாலை. நான் ஓரகத்தி சொன்ன ஏதோ ஒரு வம்பை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "ம்" கொட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கொட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன். தாடை மார்பில் சாய்ந்திருந்தது, கை இரண்டும் ஸ்டியரிங்கின் மேல் ஒழுங்காக இருந்தது. கார் மெதுவாக, அவசரமே இல்லாமல், ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் கத்தினேன். விழித்துக்கொண்டு முழு பலத்தையும் போட்டு பிரேக்கை மிதித்தார். அப்படியும் பாலத்துச் சுவரில் முன்விளக்கு இடித்து உடைந்தது. சீட் பெல்ட் இடது தோளிலிருந்து குறுக்கே என்னைப் பிடித்து இழுத்து நிறுத்தியது. கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை. அவர் கண்ணை அகல விரித்துக்கொண்டு சாலையையே பார்த்தார். "நாய்" என்றார். "நாய் குறுக்க வந்துடுச்சு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர், ஒரு கீறல் போட்டதில்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறவர். அந்த முகத்தில் இருந்த பயம் சுவரில் இடித்ததால் வந்ததில்லை. "ஆமா, நானும் பாத்தேன்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தோளிலிருந்து மார்பின் குறுக்கே பட்டையாகக் கன்றிப்போயிருந்தது. முதலில் சிவப்பு, மறுநாள் கத்திரிப்பூ நிறம், பிறகு பச்சையும் மஞ்சளுமாக மாறி மூன்று வாரம் கிடந்தது. அதை அவர் பார்த்தால், அவருக்காக நான் சொன்ன நாய்ப் பொய்க்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. கழுத்து மூடிய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். உடை மாற்றும்போது முதுகைத் திருப்பிக்கொண்டேன். வலிக்கிற தோளால் கைப்பையை மாட்டாமல் மற்ற தோளுக்கு மாற்றிக்கொண்டேன். கன்றியது மறைந்ததும் நானும் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒன்றை மறக்கவில்லை. அவர் தினமும் மத்தியானம் இரண்டரை மணிக்குப் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். அதே வெயில், சாப்பிட்ட அதே வயிறு. அதனால் தினமும் இரண்டு இருபதுக்குக் கடையிலிருந்து போன் போடுவேன். என்ன வாங்கி வர வேண்டும், எரிவாயு வந்ததா, மகள் பேசினாளா என்று ஏதாவது ஒரு சாக்கு. எனக்கு வேண்டியது பதில் இல்லை, குரல் தெளிவாக இருக்கிறதா என்பதுதான். "தினம் இதே நேரத்துக்கு உனக்கு ஞாபகம் வந்துடுது பாரு" என்று அவர் சந்தோஷப்படுவார். முப்பது வருஷத்துக்குப் பிறகு என் மனைவிக்கு என்மேல் ஆசை வந்துவிட்டது என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாராம்.

மருத்துவர் கேட்டபோது இதெல்லாம் என் வாய்க்குள் வந்து நின்றது. பக்கத்தில் அவர் என் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லவில்லை.

வியாழக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அவர் சமையலை எடுத்துக்கொண்டார். உப்புப் போட்டதை மறந்து மறுபடி போடுவார். சாப்பிட முடியாததை நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் உட்கார்ந்தால் தலையணை கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் செருகுவார், நான் எழுந்தால் தலையணையோடு பின்னால் வருவார். "எனக்குக் கால்ல ஒண்ணும் இல்ல" என்று கத்தினேன். "தெரியும், தெரியும்" என்று தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிக்கப் பார்த்தார், பாதியில் வாய் கோணிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை இரண்டு இருபதுக்கு போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நாலாவது முறை எடுத்தார். "ம்... சொல்லு" என்றார். கெட்டியான, ஈரமான குரல். "தூங்கிட்டீங்களா?" என்றேன். "சே, இல்ல. உக்காந்த எடத்துல லேசா கண்ணசந்துட்டேன். இதோ, மணி அடிக்கப் போகுது" என்றார். பின்னாலேயே பள்ளிக்கூட மணி அடித்தது, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வருகிற சத்தம் கேட்டது. ஒரு குட்டிக் குரல் "வேன் மாமா, முன் சீட்டு எனக்கு" என்றது. போனை வைத்துவிட்டு வெகு நேரம் மேசையின் முன்னால் நின்றேன். எனக்கு மயக்க மருந்து கொடுத்து ஒரு மேசையில் கிடத்தினால் அன்றைக்கு யார் இரண்டு இருபதுக்கு போன் போடுவார்கள்? மாதக்கணக்கில் கிடக்க வேண்டி வந்தால்? நான் இல்லாமலே போனால்? நாலு மாதமாக அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு யாருடைய பிள்ளைகளையோ பணயம் வைத்திருந்தேன். அது அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை ஊசி போடுவதற்கு முன்னால் மருத்துவர் எங்களை அறைக்குக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய தாளை நீட்டினார். மருத்துவர் கேட்பதற்கு நான் காத்திருக்கவில்லை.

"டாக்டர், போன தடவை நான் ஒண்ணு மாத்திச் சொல்லிட்டேன். அடி பட்டுது. நாலு மாசம் முன்னால, கார்ல. சீட் பெல்ட்டு இந்த எடத்துலதான் இழுத்துது. மூணு வாரம் கன்னிப்போயிருந்துச்சு."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. நான் மருத்துவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்போ?" என்றார் அவர். "நாய் வந்தப்பவா?"

அறையில் ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மருத்துவர் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. அவர் என் கைப்பையைக் கீழே வைத்தார். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நாய் எதுவும் வரல டாக்டர்" என்றார். "நான் தூங்கிட்டேன். வண்டி ஓட்டிக்கிட்டே தூங்கிட்டேன்."

மருத்துவர் தலையை ஆட்டினார். வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. "அதனால இருக்குமா? அந்த அடியால இப்படிக் கட்டி வருமா? என்னால வந்ததா இருக்குமா டாக்டர்?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம், உன்னால்தான் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று அவர் காத்திருந்தார்.

"இருக்கலாம்" என்றார் மருத்துவர். "பலமா அடி பட்டா உள்ள இருக்கற கொழுப்பு செத்துப்போகும். உடம்பு அதைச் சுத்தித் தழும்பு கட்டி வச்சிடும். அது கல்லு மாதிரி இருக்கும், தோலை இழுக்கும், படத்துல முள்ளு முள்ளா தெரியும். பெரிய பெரிய டாக்டருங்களே பாத்து ஏமாந்திருக்காங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அடி பட்டுச்சுங்கறதுக்காக இது அதுதான்னு சொல்ல முடியாது. அடி படறதும், ஏற்கெனவே இருக்கற கட்டி அப்புறம் கைக்குத் தெரியறதும் ரெண்டும் நடக்கும். சதையைப் பாத்தாதான் தெரியும்." பிறகு அவரைப் பார்த்து, "குறட்டை விடுவீங்களா?" என்றார்.

"அவளைத்தான் கேக்கணும்."

"விடுவார்" என்றேன். "நடுவுல மூச்சு நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சுத் தூக்கிப் போட்டு வரும்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

அவர் சொன்னார். மருத்துவர் பேனாவை மூடினார். ஒரு துண்டுத் தாளில் இன்னொரு மருத்துவரின் அறை எண்ணை எழுதி அவரிடம் கொடுத்தார். "இவங்களுக்கு ஊசி போடற நேரத்துல நீங்க இங்க போய் ஒரு நாள் குறிச்சுட்டு வாங்க. தூக்கத்துல மூச்சு நிக்கறவங்களுக்குப் பகல்ல இப்படித்தான் கண்ணு சொக்கும். உங்க சோம்பேறித்தனம் இல்ல அது. வைத்தியம் இருக்கு. அது வரைக்கும் நீங்க வண்டி ஓட்டக் கூடாது." பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஊசி போடும்போது வலி பெரிதாக இல்லை, மரத்துப்போக மருந்து கொடுத்திருந்தார்கள். காகிதத்தில் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரிச் சத்தம்தான் ஐந்து முறை கேட்டது. பிறகு ஒரு பனிப்பையைக் கொடுத்து, அரைமணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே உட்காரச் சொன்னார்கள். அவர் நடைகூடத்துப் பெஞ்சியில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். கையில் அவர் பெயரில் ஒரு புதுக் கோப்பு. பனிப்பையை என் கையிலிருந்து வாங்கி, சட்டைக்கு மேலாக அவரே பிடித்துக்கொண்டார்.

"மூணு வாரமா?"

"ம்."

"நான் பாக்கவே இல்லியே."

"பாக்க விடல."

"எனக்குக் கோவம் வருது" என்றார். "உன்மேலயா என்மேலயான்னு தெரியல." பனிப்பையை எடுத்துப் புரட்டி, குளிர்ந்த பக்கமாக வைத்தார். "நான் தூங்கினத நீ பாத்த."

"பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு எங்கண்ணன்கிட்ட செவலை நாயின்னு சொன்ன? பின்னங்கால் நொண்டின்னு வேற சொன்ன."

"நீங்க வெறும் நாயின்னு சொல்லி நிறுத்திட்டீங்க. கேக்கறவங்க நம்பற மாதிரி இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், தோள் குலுங்கியது. "நொண்டி நாயை நெனச்சு எங்கண்ணி பாவம்னு சொன்னாங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்து, போட்ட கட்டு வலித்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவர் தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. பனிப்பையை மட்டும் கை நழுவாமல் பிடித்திருந்தார்.

மறுநாள் காலை வேனை ஓட்டாமல், தெரிந்த இன்னொரு ஓட்டுநரைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனார். தலைமை ஆசிரியையைப் பார்த்து நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். பதினோரு மணிக்கு நடந்தே திரும்பி வந்தார். ஒரு துணிப்பையில் சீட்டு மெத்தை, தண்ணீர் பாட்டில், வெயில் கண்ணாடி எல்லாம் இருந்தது.

"டெஸ்ட்டு முடிஞ்சு, வைத்தியம் பாத்து, டாக்டர் எழுதிக் குடுத்தா வரச் சொல்லியிருக்காங்க. அப்பவும் யோசிச்சுத்தான் சொல்வாங்களாம்" என்றார். மெத்தையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "நாலு மாசமா ஏன் சொல்லலன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"பதில் இல்லன்னு சொன்னேன்."

என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மெத்தையை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியின் மேல் வைத்தேன்.

அன்றைக்குத்தான் மகளுக்குச் சொன்னோம். வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். கட்டி, கார், தூக்கம், வேன் என்று எல்லாவற்றையும் ஒரே போனில் கேட்டுவிட்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "மறைக்கறதுல யாரு பெரிய ஆளுன்னு உங்க ரெண்டு பேருக்கும் போட்டியாம்மா? என்னையும் சேத்துக்கோங்க, நானும் நாலு விஷயம் வச்சிருக்கேன்" என்றாள். என்ன நாலு விஷயம் என்று அவர் பதறிப்போய்க் கேட்டார். முடிவு தெரிந்த பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வண்டி இல்லாத அவருக்கு வீட்டில் கை கால் ஓடவில்லை. தினமும் என்னைக் கடை வரைக்கும் நடத்திக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போனார். நடக்கும்போதெல்லாம் கேள்விதான்.

"அந்த பிரேக்கை நான் பலமாத்தான மிதிச்சேன்?"

"ரொம்ப பலமா."

"பெல்ட்டு நல்லா இழுத்துச்சா?"

"மூச்சே வரல எனக்கு."

"தோளும் வலிச்சுதா?"

"பத்து நாள் கையைத் தூக்க முடியல. தலை சீவறப்ப அழுதுட்டேன்."

"அப்படியா" என்பார். ஒவ்வொரு வலியையும் வாங்கிச் சேர்த்துக்கொள்வார். நான் வலித்தது என்று சொல்லச் சொல்ல அவர் நடை கொஞ்சம் லேசாகும். நானும் தாராளமாகச் சொன்னேன். மறைத்துவைத்த மூன்று வாரத்தையும் நிறம் நிறமாக எடுத்துச் சொன்னேன். எங்கே சிவப்பு, எங்கே பச்சை, எந்த நாளில் மஞ்சளானது என்று. ஒரு சாயங்காலம் நடுத்தெருவில் நின்று, "என் தப்பாவே இருக்கட்டும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி காய்கறிப் பையைச் சரி செய்துகொண்டாள்.

எட்டாவது நாள் காலை மருத்துவமனைக்குப் போனோம். அறைக்கு வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த பெண் தனியாக வந்திருந்தாள், மடியில் தடித்த கோப்பு. "உங்களுக்கு இன்னிக்கு முடிவா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "நல்லதா வரும்" என்றாள். அவளுக்கு என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கோப்பின் தடிமனே சொல்லியது.

உள்ளே போனதும் மருத்துவர் எங்களை உட்காரக்கூட விடவில்லை. "கேன்சர் இல்ல" என்றார். பிறகுதான், "உக்காருங்க" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை.

"நான் சொன்னேனே, அதுதான். செத்துப்போன கொழுப்பும் தழும்பும். சதை எடுத்த இடமும் படத்துல தெரிஞ்ச இடமும் சரியாப் பொருந்துது, அதனால சந்தேகம் இல்ல. அறுக்க வேண்டியதில்ல. கட்டி அப்படியே கொஞ்ச நாள் இருக்கும், மெதுவாக் கரையலாம், கரையாமலும் இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஒரு படம் எடுத்துப் பாத்துக்கலாம்."

"அப்ப அந்த அடியாலதான?" என்றார் அவர்.

"ஆமா. வேற காரணம் தெரியல."

"என்னாலதான."

மருத்துவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா" என்றார் மெதுவாக. "உங்களாலதான்."

"ரொம்ப நன்றி டாக்டர்" என்று கையைக் கூப்பினார். கூப்பிய பிறகு தான் எதற்கு நன்றி சொன்னோம் என்பது உறைத்திருக்க வேண்டும். கையைப் பிரிக்கத் தெரியாமல் அப்படியே நின்றார். மருத்துவர் முகத்தைத் திருப்பி மேசை இழுப்பறையில் எதையோ தேடினார். எனக்கு அழுகை வரவில்லை. திடீரென்று பயங்கரமாகப் பசித்தது. இரண்டு வாரமாக ருசி தெரியாமல் சாப்பிட்டது எல்லாம் சேர்ந்து பசித்தது. சட்டைக்கு மேலாக அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். கட்டி அங்கேயேதான் இருந்தது. அதே கல், அதே அளவு.

கதவைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு பேருமே ஒரு நிமிடம் நின்று முகத்தைச் சரி செய்துகொண்டோம். வெளியே காத்திருக்கிறவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். தடித்த கோப்புக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். எவ்வளவு அடக்கியும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சொன்னேன்ல" என்று சிரித்தாள், முழுச் சிரிப்பு. நான் அவள் தோளைத் தொட்டேன். அவளைக் கூப்பிட்டார்கள், எழுந்து உள்ளே போனாள்.

வீட்டுக்குப் பேருந்தில் திரும்பினோம். கார் சாவியை மகளுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார் அவர், கைக்கெட்டாத தூரத்தில் இருக்கட்டும் என்று. பேருந்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது, என்னை உட்கார வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றார். இடைவழி முழுக்கக் கூட்டம். யாருடைய கூடையோ, யாருடைய முழங்கையோ என் பக்கம் வரும்போதெல்லாம் உடம்பைத் திருப்பித் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் கழித்து என் பக்கத்து இடம் காலியானது.

"உக்காருங்க" என்றேன்.

"வேணாம். உக்காந்தா தூங்கிடுவேன்" என்றார். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறேன் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். முன்னால் நின்ற ஒரு பெரியவரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்கார வைத்தார்.

மேலே இருந்த கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தார். ஓட்டுநர் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அவருடைய இன்னொரு கை முன் இருக்கைக்கும் எனக்கும் நடுவே குறுக்காக வந்து நின்றது. என்மேல் படவில்லை. ஒரு விரற்கடை தள்ளி, விரல்களை விரித்துக்கொண்டு நின்றது. பேருந்து நகர்ந்ததும் இறங்கிவிடும். அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணை அகலத் திறந்து முன்கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் விளக்கு மஞ்சளுக்கு மாறியது. ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவதற்கு முன்பே அந்தக் கை எழுந்துவிட்டது.